பார்சலில் காற்றை ஏற்றாதீர்கள்

21 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலம், 3 செ.மீ. தடிமன். ஒரு சாதாரணப் புத்தகத்தின் அளவு இது. இதை 30 × 20 × 15 செ.மீ. அட்டைப்பெட்டியில் போட்டால், பெட்டிக்குள் இருக்கும் 9000 கன செ.மீ. இடத்தில் புத்தகம் பிடிப்பது 900-க்கும் குறைவுதான். மிச்சமெல்லாம் காற்று. புத்தகம் உள்ளே ஆடாமல் இருக்கக் காகிதம் கசக்கித் திணிக்க வேண்டும், பெட்டி பிரியாமல் இருக்க டேப்பைச் சுற்ற வேண்டும். அதன் பிறகு இவ்வளவையும் வேனில் ஏற்றி ஊர் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அதே புத்தகத்தைச் சுற்றி மடித்து ஒட்டும் மெல்லிய அட்டை உறையில் வைத்தால் வெளி அளவு 23 × 16 × 4.5 செ.மீ.க்குள் அடங்கிவிடும். பெட்டிக்கு ஏறக்குறைய 170 கிராம் அட்டை போகிறது. உறைக்கு 60 கிராம் போதும். கன அளவில் பார்த்தால், அந்தப் பெட்டி ஒன்று பிடிக்கும் இடம் இந்த உறைகள் ஐந்துக்கும் மேல் பிடிக்கும் இடத்துக்குச் சமம். கூரியர்காரர்களின் பரும எடைக் கணக்கும், அதாவது பார்சல் பிடிக்கும் இடத்தை எடையாக மாற்றும் கணக்கும், இதையே சொல்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கம். பெட்டிக்கு 1.8 கிலோ வருகிறது, உறைக்கு 0.33 கிலோ. புத்தகத்தின் எடை என்னவோ இரண்டிலும் ஒன்றேதான்.

டெலிவரியில் சுற்றுச்சூழல் பாதிப்பைக் குறைக்க வேண்டும் என்றதும் பிளாஸ்டிக்கா, காகிதமா என்ற கேள்விதான் முதலில் வருகிறது. பேக்கிங் மேசையிலும் வேனிலும் நாள் முழுக்க நிற்பவர்களைக் கேட்டால் அது மூன்றாவது கேள்வி. பெட்டிக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்பது முதலாவது. வண்டி எத்தனை முறை வீணாகப் போய்வருகிறது என்பது இரண்டாவது. இவை இரண்டையும் சரிசெய்யாமல் பொருளை மட்டும் மாற்றினால், வெற்றிடத்தை விலை உயர்ந்த காகிதத்தில் சுற்றி அனுப்பியதாகத்தான் ஆகும்.

பெட்டி அளவுகளைத் தேர்ந்தெடுக்கச் சராசரி உதவாது. கடைசி மூன்று மாத ஆர்டர்களில் 500 ஆர்டர்களை எடுத்து, ஒரே ஆர்டரில் போகும் பொருட்களைச் சேர்த்து அடுக்கி, நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். எழுதும்போதே தெரியும்: அளவுகள் சீராகப் பரவி இருக்காது, நான்கைந்து இடங்களில் கொத்துக் கொத்தாகக் குவிந்திருக்கும். ஒவ்வொரு கொத்திலும் இருக்கும் பெரிய ஆர்டர் அடங்கும்படி ஓர் அளவை வைத்தால் போதும். ஐந்து முதல் ஏழு அளவுகள் பெரும்பாலான சிறு வியாபாரங்களுக்குத் தாராளம். பதினைந்து அளவு வைத்தால் இன்னும் கச்சிதமாக இருக்கும் என்று தோன்றும். நடப்பது வேறு. அவசரத்தில் யாரும் பதினைந்தில் ஒன்றைத் தேட மாட்டார்கள். கைக்கு எட்டுவதை எடுப்பார்கள்.

ஆகவே பெட்டிகளை எங்கே அடுக்குகிறோம் என்பதற்கும் அளவுக்குச் சமமான முக்கியத்துவம் உண்டு. சிறிய பெட்டிகள் முழங்கை உயரத்தில், கை நீட்டினால் எட்டும்படி இருக்கட்டும். பெரியவை குனிந்து எடுக்கும் கீழ்த்தட்டில் இருக்கட்டும். இன்னொரு பெரிய ஓட்டை கையிருப்பு. சிறிய பெட்டி தீர்ந்துபோன நாளில் எல்லாப் பொருளும் அடுத்த அளவில்தான் போகும். புதிய கட்டு வந்து இறங்க எத்தனை நாள் ஆகுமோ, அத்தனை நாளுக்கான இருப்பு மிச்சம் இருக்கும்போதே மறு ஆர்டர் போட்டுவிட வேண்டும்.

சரியான அளவு கையில் இல்லையென்றால் பெட்டியின் உயரத்தைக் குறைக்கலாம். ஒரே பெட்டியில் இரண்டு மூன்று உயரங்களில் மடிப்புக்கோடு போட்டே வாங்க முடியும். கோடு இல்லாத பெட்டி என்றால், பொருளை வைத்துப் பார்த்து அதன் உச்சியை உட்சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டு, பொருளை வெளியே எடுத்துவிட வேண்டும். உள்ளே பொருளை வைத்துக்கொண்டே வெட்டித் துணியைக் கிழித்தவர்கள் அநேகம். பிறகு நான்கு மூலைகளையும் மேலிருந்து அந்தக் குறி வரை நேராக வெட்டி, ஸ்கேலை வைத்து மழுங்கிய கத்தி முதுகால் அழுத்திக் கோடு போட்டு மடித்தால் முடிந்தது. குறிக்குக் கீழே அரை செ.மீ. கூடுதலாக வெட்டிவிட்டால் மூலையில் ஓட்டை விழும். பெட்டியின் மேல் வரும் பாரத்தைப் பெரிதும் தாங்குவது மூலைகள்தான் என்பதால் அந்தப் பெட்டியை அனுப்பாமல் வைத்துவிடுவது நல்லது.

ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பேக்கேஜிங் சட்டம், 2030 முதல் ஆன்லைன் பார்சல்களில் வெற்றிடம் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. அதில் எங்களுக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. காகிதத் திணிப்பு, காற்றுப் பை, பப்பிள் ராப் ஆகியவை இருக்கும் இடமும் வெற்றிடமாகவே கணக்கில் வரும். திணித்துவிட்டு ‘நிரம்பிவிட்டது’ என்று சொல்ல முடியாது. அந்தச் சட்டம் எட்டாத ஊர்களிலும் இந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் போகும் பார்சல்களில் இருபதை எடுத்து, பொருளின் கன அளவைப் பெட்டியின் கன அளவால் வகுத்துப் பாருங்கள். பொருள் பாதி இடத்தைக்கூட நிரப்பாத பார்சல் எத்தனை என்பதைச் சுவரில் எழுதி வைத்தால், அடுத்த மாதம் அதோடு ஒப்பிட ஒரு கணக்கு கையில் இருக்கும்.

இதிலேயே ஓர் எச்சரிக்கை. உடையும் பொருளுக்குப் பெட்டியைச் சுருக்கக்கூடாது. ஒரு கண்ணாடி ஜாடியைத் தயாரிக்கச் செலவான எரிபொருளோடு ஒப்பிட்டால் அதைச் சுற்றிய காகிதம் ஒன்றுமே இல்லை. ஜாடி உடைந்தால் அந்த ஜாடி, அது போன பயணம், திரும்பி வரும் பயணம், மாற்று ஜாடி, அதன் பயணம் எல்லாம் கணக்கில் ஏறும். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் ஆறு பக்கமும் 5 செ.மீ. இடைவெளி விட்டு மெத்தை வையுங்கள். துணிக்கும் புத்தகத்துக்கும் மெத்தையே தேவையில்லை. ஆடாமல் இருந்தால் போதும். மூடிய பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பொருள் நகரும் சத்தம் கேட்டால் பெட்டி பெரிது, அல்லது திணிப்பு தவறான இடத்தில் இருக்கிறது. காகிதத்தை உருண்டையாக இறுக்கிக் கசக்குவது பரவலான தவறு. முதல் குலுக்கலிலேயே அது ஒரு மூலைக்கு ஓடிவிடும். நீளவாக்கில் தளர்வாக முறுக்கி, பொருளுக்கும் சுவருக்கும் இடையே வளைத்துச் செருகினால்தான் நிற்கும்.

புதிய பேக்கிங் முறையை வாடிக்கையாளரிடம் சோதிக்காமல் உங்கள் தரையில் சோதியுங்கள். பேக்கேஜிங் சோதனைகளை வகுக்கும் இஸ்டா (ISTA) அமைப்பின் அடிப்படைச் சோதனையில், பத்து கிலோவுக்குள் இருக்கும் பார்சலை 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போடுவார்கள். அடிப்பக்கத்தின் ஒரு மூலையில் ஒன்று, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகளில் மூன்று, ஆறு பக்கங்களில் ஆறு. ஒரு மேசையின் உயரமும் ஓர் அளவு நாடாவும் இருந்தால் இதை யாரும் செய்து பார்க்கலாம். பத்தும் முடிந்து திறக்கும்போது பொருள் நன்றாக இருந்தால், ஓர் அடுக்கு பப்பிள் ராப்பைக் கழற்றிவிட்டு மறுபடி பத்து முறை போடுங்கள். எந்த அடுக்கைக் கழற்றும்போது உடைகிறதோ, அதற்கு ஒன்று மேலே நிறுத்திக்கொள்ளுங்கள். தேவைக்கு மேல் சுற்றுவது நின்றுபோவது இப்படித்தான். பப்பிள் ராப்பின் குமிழ்ப் பக்கம் பொருளைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அட்டைக்கு ஈரம் ஆகாது. காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டால் பெட்டி தாங்கும் பாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மழைக்காலத்தில் உடைசல் கூடுகிறது என்று ஐந்து ப்ளை (ஐந்து அடுக்கு) அட்டைக்குப் போகிறவர்கள் முதலில் பெட்டிக் கட்டுகளைத் தரையிலிருந்து தூக்கிப் பலகை மேல் வைத்து, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி அடுக்கிப் பார்க்க வேண்டும். ஐந்து கிலோவுக்குள் இருக்கும் சாதாரணப் பொருளுக்கு மூன்று ப்ளையே போதும்.

இப்போது பிளாஸ்டிக்கா காகிதமா. 25 × 35 செ.மீ. அளவில் 60 மைக்ரான் பாலிதீன் கவர் ஒன்று ஏறக்குறைய 10 கிராம். அதே அளவில் 120 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 120 கிராம்) காகிதக் கவர் 20 கிராமுக்கு மேல். எடையை மட்டும் பார்த்தால் பிளாஸ்டிக் ஜெயிக்கும். ஆனால் அந்தப் பத்து கிராம் பார்சல் பிரித்த பிறகு எங்கே போகிறது? மெல்லிய கவரைத் தனியாகச் சேகரித்து மறுசுழற்சிக்கு எடுக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில் அது சாக்கடைக்குத்தான் போகும். பழைய காகிதத்தை வாங்க எங்கும் ஆள் உண்டு. எனவே நனைந்தாலும் கெடாத பொருளுக்கும் மழையில்லாத பயணத்துக்கும் காகிதம். நனையவே கூடாத பொருளுக்கு ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் ஆன, அச்சு குறைந்த, மெல்லிய கவர். கட்டாயம் தவிர்க்க வேண்டியது இரண்டையும் ஒட்டிய கலவை: வெளியே காகிதம், உள்ளே குமிழ் பிளாஸ்டிக். பிரித்தெடுக்க முடியாததால் அதைக் காகிதக்காரரும் வாங்க மாட்டார், பிளாஸ்டிக்காரரும் வாங்க மாட்டார்.

‘மக்கும்’ என்று அச்சிட்ட கவர்களில் ஏமாறுபவர்கள் அதிகம். பிஎல்ஏ என்ற தாவரப் பிளாஸ்டிக் கலந்த கவர் மக்க 58 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு நீடிக்கும் தொழிற்கூட உரக்குழி வேண்டும். வீட்டுத் தொட்டியில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். சாதாரணப் பிளாஸ்டிக்கோடு கலந்தால் மறுசுழற்சிக்குப் போன மொத்தக் குவியலின் தரத்தையும் கெடுக்கும். சீக்கிரம் சிதைவதற்காக ரசாயனம் சேர்த்த ‘ஆக்சோ’ வகைப் பிளாஸ்டிக் இன்னும் மோசம். அது மக்குவதில்லை, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக உடைகிறது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் அதைத் தடை செய்தது.

டேப்பில் செய்ய முடியும் மாற்றம் சிறியது, ஆனால் செய்து பார்த்தால் திருப்தி தருவது. தண்ணீர் தொட்டு ஒட்டும் கிராஃப்ட் காகித டேப், பிளாஸ்டிக் டேப்பைப் போல அட்டையின் மேல் உட்காராமல் அட்டையின் இழைக்குள்ளேயே இறங்கிப் பிடிக்கும். திறந்தால் காகிதம் கிழிந்திருக்கும் என்பதால் வழியில் யாராவது பிரித்திருந்தால் உடனே தெரிந்துவிடும். பழைய பெட்டியோடு சேர்த்தே கூழாகிவிடும். 60 அல்லது 70 மி.மீ. அகலத்தில் நடுப்பிளவின் மேல் ஒரே ஒரு பட்டை ஒட்டி, இரண்டு பக்கமும் 6 செ.மீ. இறக்கி மடித்தால் போதும்.

முதல் வாரத்திலேயே பலர் இதைக் கைவிடுகிறார்கள், ‘ஒட்டவில்லை’ என்று. ஒட்டாததற்குக் காரணங்கள் உண்டு. தண்ணீர் அதிகமானால் பசை வழிந்து போய்விடும், குறைந்தால் பசை இளகாது. நனைத்த டேப் பளபளக்க வேண்டும், சொட்டக்கூடாது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் பசை சீக்கிரம் விழித்துக்கொள்ளும். வைத்த உடனே நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். லேசாகத் தட்டிவிட்டுப் போனால் ஓரம் தூக்கிக்கொள்ளும். மறுசுழற்சி அட்டையில் தூசு அதிகம், ஒட்டும் இடத்தை ஒருமுறை துடைக்க வேண்டும். இயந்திரத்தின் பிரஷ்ஷை ஒவ்வொரு மாலையும் கழுவாவிட்டால் பழைய பசை காய்ந்து, அடுத்த நாள் டேப்பில் பாதி அகலம்தான் நனையும். சுருளை ஈரக்காற்றில் திறந்து வைத்தால் அதன் சுற்றுகளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் மூடிய கவரில் வையுங்கள். உள்ளே கண்ணாடி இழை ஓடும் வகை கனமான பெட்டிக்குத்தான் தேவை, மற்றவற்றுக்கு வெறும் காகித வகையே நல்லது.

லேபிளைப் பற்றிச் சுருக்கமாக: வெப்ப அச்சு லேபிள்களை வாங்கும்போது பிஸ்ஃபீனால் என்ற ரசாயனம் இல்லாத வகையைக் கேளுங்கள். பில்லை மின்னஞ்சலில் அனுப்புங்கள். பெட்டிக்குள் போடும் நன்றி அட்டையும் விளம்பரத் தாளும் பெரும்பாலும் பெட்டியோடு குப்பைக்கே போகின்றன.

இனி வண்டி. ஒரு டீசல் வேன் 80 கி.மீ. சுற்றி 100 பார்சல் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்சலுக்கு 0.8 கி.மீ. லிட்டருக்கு 10 கி.மீ. ஓடினால், ஒரு லிட்டர் டீசல் ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியிடும் என்ற கணக்கில், பார்சலுக்கு 216 கிராம். அதே 80 கி.மீ.யில் 160 பார்சல் போனால் 135 கிராம். வண்டியை மாற்றாமல், ஓட்டுநரை மாற்றாமல், எரிபொருளையும் மாற்றாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. 160 பார்சலையும் ஒரே சுற்றில் சேர்க்க இரண்டு வேண்டும்: வேனில் இடம், காத்திருக்க நேரம். இடம் சிறிய பெட்டியிலிருந்து வருகிறது. நேரம் வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது.

நாளைக்கே வேண்டும் என்ற ஆர்டர் ஒரே தெருவுக்கு நான்கு நாளில் நான்கு முறை வண்டியை வரவைக்கும். தூரம் அதிகமானால் விமானத்திலும் ஏற்றும். ஒரு டன் சரக்கை ஒரு கி.மீ. கொண்டுபோகக் கப்பலில் பத்து இருபது கிராம் கார்பன் டை ஆக்சைடு, லாரியில் நூறு கிராம் அளவு, விமானத்தில் ஐந்நூறு கிராமுக்கும் மேல். ஆகவே ஒரு பகுதிக்கு வாரத்தில் இரண்டு நாள் என்று நிர்ணயித்து, அந்த நாளையே முதல் தேர்வாக முன்கூட்டியே டிக் செய்து வையுங்கள். அவசரம் இருப்பவர் மாற்றிக்கொள்வார். ‘பசுமை டெலிவரி’ என்று எழுதுவதைவிட ‘வியாழக்கிழமை வரும்’ என்று எழுதுவதை மக்கள் எளிதில் ஏற்கிறார்கள். தாமதத்தைவிட எப்போது வரும் என்று தெரியாததுதான் அவர்களுக்கு எரிச்சல். இரண்டு பொருள் இரண்டு கிடங்கில் இருந்தால், ‘இரண்டும் சேர்ந்து வரட்டும்’ என்ற பொத்தானும் இருக்க வேண்டும். வாங்குபவராக இருந்தால் அந்தப் பொத்தானைத் தேடி அழுத்துங்கள்.

வீடு பூட்டியிருந்து திரும்பி வரும் பார்சல்தான் டெலிவரித் தொழிலின் நிரந்தர வேதனை. எரிபொருள் எரிந்தாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை, நாளை மறுபடி போக வேண்டும். காலையில் வண்டி கிளம்பிய பிறகு ‘இன்று வருகிறோம்’ என்று செய்தி அனுப்பிப் பயனில்லை, பார்சல் ஏற்றப்பட்டுவிட்டது. முந்தின நாள் மாலையே அனுப்பி, ‘நாளை இருப்பேன்’, ‘வேறு நாள்’, ‘பக்கத்து வீட்டில் கொடுங்கள்’ என்ற மூன்று பதில்களுக்கு வழி வைக்க வேண்டும். ‘வேறு நாள்’ என்றவரின் பார்சல் கிடங்கிலேயே தங்கட்டும். முகவரியில் தெருப்பெயரைவிட அடையாளமும் வரைபடக் குறியும் உதவும். குறி பெரும்பாலும் வீட்டின் பின்பக்கத் தெருவில் போய் விழும் என்பதால், ‘வாசல் எந்தப் பக்கம்’ என்று ஒரு கேள்வியைச் சேர்த்துவிட்டால் ஓட்டுநர் சுற்றுவது குறையும். வேனில் கடைசியாகக் கொடுப்பதை முதலில் ஏற்றி, வரிசை எண்ணைப் பெட்டியின் வெளிப்பக்கம் பெரிதாக எழுதுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க ஒன்றரை நிமிடம் தேடினால், நூறு நிறுத்தத்துக்கு இரண்டரை மணி நேரம். நின்றுகொண்டே ஓடும் வேன் என்ஜின் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும்.

பிக்கப் மையமும் லாக்கரும் வேனின் பயணத்தைக் குறைப்பது உண்மை. ஆனால் ஒரு பார்சலை எடுக்க ஒருவர் காரில் 5 கி.மீ. போய் 5 கி.மீ. திரும்பினால், லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் பெட்ரோல் கார் ஒன்றரை கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியிடும். வேன் வீட்டுக்கே கொண்டுவந்திருந்தால் ஆகியிருப்பது 216 கிராம். நடந்துபோகும் தூரத்திலோ, வேலைக்குப் போகும் வழியிலோ இருந்தால் மட்டுமே லாக்கரைத் தேர்ந்தெடுங்கள்.

மின்சார வேன் அடிக்கடி நின்று கிளம்பும் இந்த வேலைக்குப் பொருத்தமானது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் சக்தி பேட்டரிக்குத் திரும்புகிறது, நிற்கும்போது எதுவும் எரிவதில்லை. விளம்பரத்தில் சொல்லும் தூரத்தில் 70 சதவீதத்தை வைத்துப் பாதை போடுங்கள். பாரம், குளிர், ஏசி எல்லாம் மிச்சத்தைத் தின்னும். சரக்கு சைக்கிள் நூறு கிலோவுக்கு மேல் சுமக்கும், ஆனால் ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்கிலிருந்து அதை ஓட்டினால் பாதி நாள் பாதையிலேயே போய்விடும். டெலிவரிப் பகுதிக்குள் ஒரு சின்ன அறை கிடைத்து, அதிகாலையில் ஒரு வேன் அங்கே மொத்தமாக இறக்கிவிட்டுப் போனால்தான் சைக்கிள் லாபம்.

ரிட்டர்ன் என்பது முழுப் பயணம் இன்னொரு முறை. துணியில் பெரும்பாலும் அளவுதான் காரணம். எஸ், எம், எல் என்று மட்டும் எழுதினால் மக்கள் இரண்டு அளவு வாங்கி ஒன்றைத் திருப்புவார்கள். சட்டையைத் தட்டையாக விரித்து, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை, தோள் தையல், நீளம் மூன்றையும் செ.மீ.யில் எழுதி, ‘உங்களுக்குச் சரியாக இருக்கும் பழைய சட்டையை இப்படி விரித்து அளந்து பாருங்கள்’ என்று படம் போடுங்கள். ஒரு பொருள் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகத் திரும்பி வந்தால் முதலில் அதன் புகைப்படத்தைச் சந்தேகியுங்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்தார்களா, அளவு புரியக் கையில் பிடித்த படம் இருக்கிறதா என்று பாருங்கள். கவரில் இரண்டாவது பசைப்பட்டை இருந்தால் அதே கவர் திரும்பி வரும். வந்ததை அன்றே பிரித்துப் பார்த்து அடுக்கில் சேர்க்க ஓர் ஆளை வைக்காவிட்டால், மூலையில் குவிந்து, பருவம் முடிந்து, நல்ல பொருளே குப்பையாகிவிடும்.

திரும்பத் திரும்பப் பயன்படும் பைகளை நினைப்பவர்கள் ஒரு கணக்கை முதலில் போட வேண்டும். பத்தில் எட்டு பை திரும்பி வந்தால் ஒரு பையின் சராசரி ஆயுள் ஐந்து பயணம்தான். பத்தில் ஒன்பது வந்தால் பத்துப் பயணம், நூறில் 95 வந்தால் இருபது. பை ஒருமுறைக் கவரைவிட எட்டு மடங்கு கனம் என்றால், எட்டு வந்து இரண்டு தொலையும் முறையில் நஷ்டமே. தபாலில் திருப்பி அனுப்பச் சொன்னால் வராது. அடுத்த டெலிவரிக்கு வரும் அதே ஆள் வாசலில் பழையதை வாங்கிக்கொண்டு போகும் முறையில்தான் திரும்பும் எண்ணிக்கை ஏறுகிறது.

உள்ளே வந்த பழைய பெட்டிகளை மறுபடி அனுப்பப் பயன்படுத்துங்கள். மூலைகள் மழுங்காமல், சுவரில் மடிப்பு விழாமல், நனைந்த கறை இல்லாமல் இருந்தால் போதும். பழைய லேபிளைப் பிய்க்க முடியாவிட்டால் பார்கோடின் மேல் தடித்த மார்க்கரால் கோடுகளின் திசையிலேயே, மேலிருந்து கீழ்வரை முழுக்க அடித்துவிடுங்கள். கோடுகளுக்குக் குறுக்கே ஒன்றிரண்டு கீறினால் ஸ்கேனர் மிச்சமிருக்கும் உயரத்தில் படித்துவிடும், பார்சல் பழைய முகவரிக்கே போய்ச் சேரும். புதிய லேபிளை அதன் மேலேயே ஒட்டுவதென்றால் பழையதன் ஓரம் எந்தப் பக்கமும் எட்டிப் பார்க்காதபடி ஒட்டுங்கள்.